இரண்டரை அடி ஆழ ரீஃப் தொட்டிக்கு எந்த லைட்? கையைக் கடிக்காத ஒரு கணக்கு

நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம். மீனோடு பவளமும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, அதாவது ரீஃப் தொட்டி, வைக்க ஆசைப்படும் பலர் கடைசியில் வந்து நிற்கும் அளவு இது. ஹாலில் வைத்தால் எடுப்பாக இருக்கும், மீன்களுக்கு நீந்தவும் தாராளமாக இடம் கிடைக்கும். சிக்கல் லைட் வாங்கப் போகும்போதுதான் தெரியும். ஒன்றரை அடித் தொட்டி என்றால் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் கையில் வைத்திருப்பார்கள். இரண்டரை அடி என்றதும், "மெட்டல் ஹாலைடு பல்பு இல்லாம அடி வரைக்கும் இறங்காது சார்" என்பார் ஒருவர். "ரேடியான் ரெண்டு போட்டுடுங்க" என்பார் இன்னொருவர், அந்த பிராண்டட் எல்இடியின் விலையைச் சொல்லாமலேயே.

முதலில் அந்த உயரத்தைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம். 75 செ.மீ. கண்ணாடியில் மணல் 5 செ.மீ. போய்விடும். தண்ணீரும் விளிம்பிலிருந்து 5 செ.மீ. கீழேதான் நிற்கும். மிச்சம் 65. கற்களை அடுக்கி நடுவில் ஒரு திட்டு கட்டினால் அதன் தலைக்கு மேல் 40 செ.மீ. தண்ணீர்தான் இருக்கும். பவளம் உட்காரப்போவது அந்தத் திட்டில்தான், மணலில் அல்ல. ஆகவே 'ஆழத் தொட்டி' என்று பயந்ததில் பாதி, கல் அடுக்கும்போதே குறைந்துவிடுகிறது. தொட்டி இன்னும் ஒட்டப்படவில்லை என்றால் இன்னொரு யோசனை: உயரத்தை இரண்டடியாகக் குறைத்து, அந்த அரை அடியை அகலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். லைட்டில் மிச்சம், கண்ணாடியில் மிச்சம், அடியில் விழுந்ததை எடுக்க அக்குள் வரை கையை நனைக்கவும் வேண்டாம். இதைவிட மலிவான லைட் யோசனை என்னிடம் இல்லை. ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்கிறவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

வெளிச்சம் எங்கே தொலைகிறது

'தண்ணீர் வெளிச்சத்தைக் குடித்துவிடும்' என்று சொல்வார்கள். கடலில் அது சரி. வீட்டுத் தொட்டியில் பாதிதான் சரி. தெளிந்த நீரில் 65 செ.மீ. இறங்குவதற்குள் சிவப்பு வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு போகும். பவளத்துக்கு முக்கியமான 450 நானோமீட்டர் நீலம் நூற்றில் ஒன்றுகூடக் குறையாது. அப்படியானால் அடியில் ஏன் மங்கலாக இருக்கிறது? லைட்டிலிருந்து விலக விலக ஒளிக்கற்றை விரிகிறது, விரிந்ததில் ஒரு பகுதி தொட்டிக்கு வெளியே விழுகிறது. ஹாலின் தரையும் சோபாவும் நீல நிறத்தில் குளித்துக்கொண்டிருந்தால், நீங்கள் கரண்ட் பில் கட்டுவது சோபாவுக்கு.

இங்கேதான் லென்ஸ் வருகிறது. தண்ணீருக்கு மேல் 25 செ.மீ. உயரத்தில் லைட்டைத் தொங்கவிடுவதாக வைத்துக்கொள்வோம். 120 டிகிரி லென்ஸ் என்றால் தண்ணீரைத் தொடும்போது வட்டத்தின் விட்டம் 87 செ.மீ. தொட்டியின் அகலமோ 60. இரண்டு பக்கமும் வழிகிறது. 90 டிகிரி லென்ஸ் என்றால் விட்டம் 50 செ.மீ., அகலத்துக்குள் அடங்கிவிடும். ஒரு தடவை தண்ணீருக்குள் நுழைந்துவிட்டால் கதையே வேறு. நீரில் கதிர் செங்குத்தை நோக்கி வளையும். பக்கக் கண்ணாடியில் படும்போதும், அந்தச் சாய்வில் பெரும்பகுதி வெளியே தப்பாமல் உள்ளேயே பிரதிபலித்துக் கீழே இறங்கும். கண்ணாடி சுத்தமாக இருக்கும் வரை. பின்கண்ணாடியில் ஊதா நிறப் பாசி பொருக்குப் பிடிக்க ஆரம்பித்தால் அந்தப் பக்கம் வந்த வெளிச்சம் அதோடு சரி. பார்க்க அழகு என்று பலர் அதை விட்டுவிடுவார்கள், நானும் விட்டுவிடுகிற ஆள்தான். ஆனால் இரண்டு பக்கக் கண்ணாடிகளை மட்டுமாவது சுரண்டி வைப்பது நல்லது. தண்ணீர் மஞ்சள் பாய்ந்திருந்தால் முதலில் அடிபடுவது நீலம்தான். அந்த மஞ்சளை உறிஞ்சும் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பனுக்குப் போகும் காசு, பெரிய லைட்டுக்குப் போகும் காசைவிடக் குறைவு.

எவ்வளவு வேண்டும்?

பவளத்துக்கு உபயோகமான ஒளியை 'பார்' என்ற கணக்கில் அளப்பார்கள்: 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பது (மைக்ரோமோல் என்பது அந்தத் துகள்களை எண்ணும் அலகு). அக்ரோபோரா மாதிரியான கல் பவளங்களுக்கு 200-லிருந்து 350 வரை கேட்பார்கள். மணல் மட்டத்தில் 200 வேண்டும் என்று கிளம்பினால் இரண்டரை அடித் தொட்டி பர்ஸைக் காலி செய்யாமல் விடாது.

ஆனால் நம் ஊரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் விற்றாலும் வாங்கினாலும் குற்றம்தான். 'பழைய கல்லுதான், செத்தது' என்று தள்ளிவிடப் பார்க்கும் பவளக் கல்லுக்கும் அதே சட்டம். செராமிக் கல்லோ சிமெண்டில் வார்த்ததோ வாங்கிக்கொள்ளுங்கள், ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியாது. ஆகவே தமிழ்நாட்டில் ஒழுங்காக வைக்கப்படும் ரீஃப் தொட்டி என்றால் மஷ்ரூம், ஜோவா, லெதர் என்று மென்பவளங்கள்தான். மஷ்ரூமுக்கு 30 முதல் 80 போதும். ஜோவாவுக்கு 60 முதல் 150. லெதருக்கு 75-லிருந்து 200 வரை. நமக்கு வேண்டியது மணலில் ஒரு 60, 70. திட்டின் தலையில் 150. அமெரிக்கக்காரர்கள் வீடியோவில் போடுகிற லைட்டைப் பார்த்து நாம் பதற வேண்டியதில்லை, அவர்கள் வளர்ப்பது வேறு சரக்கு.

மெட்டல் ஹாலைடு

ஒரு காலத்தில் ஆழத் தொட்டிக்கு இதுதான் என்று இருந்தது. சின்னப் புள்ளியிலிருந்து வரும் முரட்டு வெளிச்சம், தண்ணீருக்குள் அலையலையாக ஆடும் கோடுகள். எல்இடியில் அதே அழகு வருவதில்லை என்று இன்றும் சாதிப்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. நாலடித் தொட்டிக்கு 250 வாட் பல்பு இரண்டு, நீலத்துக்கு டி5 குழல் (மெல்லிய ட்யூப்லைட்) இரண்டு.

சென்னைக்கு ஒத்துவருமா என்றால், வராது. பல்பு தண்ணீரை நோக்கியே அனலை இறக்கும். மே மாதம் அறையே 35 டிகிரி இருக்கும்போது தொட்டியை 26-ல் நிறுத்த வேண்டும். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் மெஷின் மூச்சுவிடாமல் ஓடும், அதன் அனலும் அதே அறைக்குள்தான் வரும். ஃபேன் வைத்து ஆவியாக்கிக் குளிரவைக்கலாம் என்றால் கடலோரக் காற்றின் ஈரப்பதம் அதையும் அரைகுறையாக்கிவிடும். கரண்ட் போய் வந்தால், சூடான பல்பு உடனே பற்றாது; ஆறிய பிறகுதான் எரியும், அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். வருஷத்துக்கு ஒருமுறை பல்பு மாற்ற வேண்டும். பத்தாயிரம் கெல்வினுக்கு மேற்பட்ட (கெல்வின் ஏற ஏற வெளிச்சம் நீலமாகும்) மீன்தொட்டி பல்பு இங்கே கிடைப்பதும் அபூர்வம். கடைகளுக்கும் தெருவுக்கும் போடுகிற மெட்டல் ஹாலைடு மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் அதன் நிறத்தில் தொட்டி மாலை நேரத்து பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும்.

டி5 குழல்

சீரான வெளிச்சத்துக்கு டி5-ஐ மிஞ்ச ஆளில்லை. குழல் தொட்டியின் நீளத்துக்கு ஓடுவதால் நிழல் விழாது, கல்லின் அடியில் ஒட்டிய பவளத்துக்கும் கொஞ்சம் போய்ச் சேரும். ஆனால் இந்த ஆழத்துக்கு நாலு குழல் பட்டி போதாது. ஒவ்வொரு குழலுக்கும் தனி ரிஃப்ளெக்டர் உள்ள எட்டுக் குழல் பட்டி வேண்டும்: 54 வாட் எட்டு.

வாங்கும்போது ஏமாற இடம் நிறைய. எலெக்ட்ரிகல் கடையில் 'டி5' என்று கேட்டால் இன்று எடுத்துத் தருவது பெரும்பாலும் எல்இடி பட்டி, பெயர் மட்டும்தான் டி5. பழைய ஸ்டாக்கில் நிஜக் குழல் கிடைத்தாலும் அது 28 வாட் வகையாக இருக்கும். 28 வாட்டும் 54 வாட்டும் ஒரே நீளம், சுமார் 115 செ.மீ.; கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தொட்டிக்கு வேண்டியது 54 வாட், அதுவும் நீல வகைகள். அவற்றை வெளியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். நாலடிக் குழல் கூரியரில் உடையாமல் வருவது அவரவர் ராசி. ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் எட்டையும் மாற்றியாக வேண்டும். எரிகிறதே என்று விட்டால் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கியிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. பொது உபயோக டி5 குழல்களை ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்டில் சந்தையிலிருந்து விலக்கிவிட்டது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் பொது விளக்குக் குழல்களை 2027-க்குள் நிறுத்துவது என்று முடிவு செய்திருக்கின்றன. மீன்தொட்டிக் குழல் நாளைக்கே மறைந்துவிடாது. ஆனால் இனி விலை ஏறுமே தவிர இறங்காது. கையில் நல்ல பட்டி ஏற்கெனவே இருப்பவர் ஓட்டலாம். புதிதாகக் காசு போட நான் சொல்ல மாட்டேன்.

ஃப்ளட் லைட்

கட்டட வாசலில் மாட்டுகிற ஃப்ளட் லைட்டைத் தொட்டிக்கு மேல் மாட்டலாமா என்று கேட்டால் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். கணக்குப் போட்டால் சிரிப்பதற்கில்லை. வாட்டுக்கு 100 லூமன் தரும் 100 வாட் 6500 கெல்வின் லைட், தோராயமாக நொடிக்கு 140 மைக்ரோமோல் ஒளி தரும். இரண்டு மாட்டினால் 280. நம் தொட்டியின் பரப்பு 0.72 சதுர மீட்டர். பாதி வழியில் வீணானாலும் சராசரி 190-க்கு மேல் விழுகிறது. மென்பவளங்களுக்கு இது தாராளம்.

அப்புறம் ஏன் எல்லோரும் இதையே போடுவதில்லை? நிறம். வெள்ளை மட்டும் எரிந்தால் பவளம் பழுப்பாகத் தெரியும். அதன் பச்சையும் ஆரஞ்சும் நீல ஒளி பட்டால்தான் ஒளிரும். அதற்கு அலங்காரத்துக்கு விற்கும் நீல ஃப்ளட் 50 வாட்டில் இரண்டு சேர்க்கலாம். அடுத்தது, வெளிச்சத்தைக் குறைக்கக் கூட்ட வழியில்லை. உயரத்தை ஏற்றி இறக்கித்தான் சமாளிக்க வேண்டும். லென்ஸும் கிடையாது, விரிவு 120 டிகிரி, ஆகவே மேலே ஒரு பெட்டி கட்டி உள்பக்கம் வெள்ளையடிக்காவிட்டால் பாதி சோபாவுக்குத்தான். மூன்றாவது, உப்பு. மழை தாங்கும் என்று எழுதியிருப்பது உப்புத் தெறிப்பைத் தாங்கும் என்று ஆகாது, ஸ்க்ரூ முதலில் துருப்பிடிக்கும். கையில் சுத்தமாகக் காசில்லை, கைவேலை தெரியும் என்கிறவருக்கு இது நல்ல வழி. போனாலும் மறுநாளே பக்கத்துக் கடையில் வேறொன்று கிடைக்கும் என்பது சின்ன விஷயமில்லை.

கருப்புப் பெட்டி

சீனாவிலிருந்து வரும் கருப்புத் தகரப் பெட்டி, உள்ளே 55 எல்இடி, மேலே இரண்டு ஃபேன், பக்கத்தில் இரண்டு குமிழ்: ஒன்று நீலத்துக்கு, ஒன்று வெள்ளைக்கு. ஒரே உடம்பு, நூறு பெயர். பெட்டியில் 165 வாட் என்று இருக்கும், சுவரிலிருந்து இழுப்பது 100 முதல் 120 வரைதான். அது ஏமாற்று மாதிரித் தெரிந்தாலும் நமக்கு நல்லதுதான், எல்இடியை முழு வேகத்தில் அடிக்காததால் சூடு குறைகிறது. ஒரு பெட்டி இரண்டடிக்கு இரண்டடி பார்த்துக்கொள்ளும். ஆக நாலடித் தொட்டிக்கு இரண்டு.

இந்த ஆழத்துக்கு இது பொருந்துவதற்குக் காரணம் 90 டிகிரி லென்ஸ். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள்: 25 செ.மீ. உயரத்தில் 50 செ.மீ. வட்டம், இரண்டு பெட்டி, நாலடி. சொல்லிவைத்து அளவெடுத்த மாதிரி. ஆனால் எல்லாப் பெட்டியிலும் 90 வருவதில்லை. 120 போட்டும், இரண்டையும் கலந்து போட்டும் விற்கிறார்கள், விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். இன்னொரு எச்சரிக்கை: செடி வளர்க்கும் க்ரோ லைட்டும் அதே கருப்புப் பெட்டியில்தான் வருகிறது. சிவப்பு எல்இடி அதிகமாக இருந்தால் அது மாடித்தோட்டத்துக்கானது. ரீஃப் வகையில் பாதிக்கு மேல் 450 நானோமீட்டர் நீலமாக இருக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. வெள்ளைக் குமிழில் சிவப்பும் பச்சையும் கலந்திருப்பதால் அதைத் திருப்பினால் மணலில் டிஸ்கோ விளக்கு மாதிரிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெள்ளையைத் தாழ்த்தி ஓட்டினால் பெரும்பாலும் மறைந்துவிடும். கல்லின் ஓரத்தில் நிழல் கறுப்பாக விழும். விடியல், மாலை என்று மெல்ல ஏறி இறங்காது. இரண்டு ப்ளக் உள்ள மாடல் வாங்கி இரண்டு டைமர் போட்டால் நீலம் முதலில் வந்து கடைசியில் போகிற மாதிரி வைக்கலாம். ஃபேன் சத்தம் ஹாலில் டிவி ஓடாத நேரத்தில் கேட்கும்.

பெயர் பெற்றவை

ரேடியான், ஏஐ ஹைட்ரா, கெசில். போனிலிருந்தே ஒவ்வொரு நிறத்தையும் தனியாக ஓட்டலாம், சத்தம் குறைவு, நிறக் கலவை நேர்த்தி. கெசிலின் ஒற்றைப் புள்ளி ஒளி ஹாலைடின் அலையாட்டத்துக்கு ரொம்பக் கிட்டே வரும். ஆனால் ஒரு ரேடியான் விலையில் கருப்புப் பெட்டி மூன்று நான்கு வாங்கலாம், அதோடு இறக்குமதித் தீர்வை வேறு. ரேடியான் அகல விரிவு கொண்டது, அதற்குப் பெரிய தொட்டியோ கூடுதல் எண்ணிக்கையோ வேண்டும். ஒரே ஒரு ஹைட்ராவை நாலடித் தொட்டி நடுவில் மாட்டி, 'பிராண்டட் போட்டிருக்கேன்' என்று நிம்மதியாக இருப்பவரின் தொட்டியில் இரண்டு ஓரமும் இருட்டு. காசு இருந்தால் இரண்டு போடுங்கள், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம்.

பில்லில் என்ன வரும்

நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். தினம் ஒன்பது மணி நேரம் என்றால் ஒரு பில்லுக்கு 540 மணி நேரம். ஏசியும் சில்லரும் ஓடும் வீடு மேல் ஸ்லாபில்தான் இருக்கும், யூனிட் 9 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஹாலைடும் நீலக் குழலும் சோக்கோடு சேர்த்து 670 வாட், கிட்டத்தட்ட 362 யூனிட், 3,260 ரூபாய். எட்டுக் குழல் டி5 சோக்கோடு 450 வாட், 243 யூனிட், 2,190 ரூபாய். ஃப்ளட் லைட் கூட்டணி 300 வாட், 162 யூனிட், 1,460 ரூபாய். கருப்புப் பெட்டி இரண்டு முழு வேகத்தில் 220 வாட், 119 யூனிட், 1,070 ரூபாய். முழு வேகம் தேவையே படாது என்பதால் உண்மையில் இன்னும் குறையும்.

ஹாலைடுக்கும் பெட்டிக்கும் வருஷத்துக்குப் பதின்மூன்றாயிரம் வித்தியாசம், சில்லர் கூடுதலாக ஓடுவதைச் சேர்க்காமல். ஆகவே என் ஓட்டு 90 டிகிரி லென்ஸ் வைத்த கருப்புப் பெட்டி இரண்டுக்கு. நிழல் உறுத்தினால் முன்பக்கம் ஒரு நீல எல்இடி பட்டி சேர்த்துக்கொள்ளலாம். மிச்சப்படும் காசை நல்ல சில்லருக்குப் போடுங்கள். நம் கோடையில் வெளிச்சக் குறைவால் செத்த பவளத்தைவிடச் சூட்டில் வெளுத்த பவளம்தான் அதிகம்.

மாட்டும்போது

தகரப் பெட்டியை உப்புத் தண்ணீருக்கு மேல் தொங்கவிடுகிறோம் என்பதை மறக்க வேண்டாம். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை உடனே வெட்டும் ஸ்விட்ச்) இல்லாத லைனில் மாட்டாதீர்கள். பெட்டியின் எர்த் பின் நிஜமாகவே எர்த்தில் சேர்கிறதா என்று எலெக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். வயர் ப்ளக்குக்குப் போகுமுன் ஒரு வளைவு கீழே இறங்கி ஏற வேண்டும், வழிகிற சொட்டு அங்கே விழட்டும். மெல்லிய கம்பிக்குப் பதில் ஸ்டீல் கம்பி. சீலிங்கில் ஃபேன் கொக்கி அளவுக்குக் கனமான போல்ட். வாங்கும்போதே அதே அளவு ஃபேன் இரண்டும் டிரைவர் (எல்இடிக்குக் கரண்டைச் சீராகக் கொடுக்கும் பாகம்) ஒன்றும் சேர்த்து வாங்கி வையுங்கள். இந்தப் பெட்டிகளில் முதலில் போவது ஃபேன், அடுத்தது டிரைவர். எல்இடி அவ்வளவு சீக்கிரம் போகாது.

பார் மீட்டர் வாங்குவது வீண் செலவு, அதன் விலைக்கு இன்னொரு பெட்டி வரும். தெரிந்தவரிடம் இருந்தால் ஒரு நாள் இரவல் வாங்குங்கள். போனில் உள்ள லக்ஸ் ஆப் நீல ஒளியைக் குறைத்துக் காட்டும், அந்த எண்ணைப் பாராக மாற்ற முடியாது. ஆனால் ஒப்பிட உதவும். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே காலித் தொட்டியில் போனை மணல் மட்டத்தில் நடுவிலும் நாலு மூலையிலும் வைத்துப் பாருங்கள். மூலையில் நடுவின் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால் பெட்டிகளைக் கொஞ்சம் விலக்கியோ உயர்த்தியோ கட்ட வேண்டும்.

முதல் வாரம் நீலம் 30 சதவீதம், வெள்ளை 10. பவளங்கள் எல்லாவற்றையும் முதலில் கீழேயே வையுங்கள். வாரத்துக்கு ஐந்தைந்தாக நீலத்தைக் கூட்டுங்கள், நீலம் 60-ஐத் தாண்ட வேண்டிய தேவை வராமலே போகலாம். மஷ்ரூம் சுருங்கி ஓரம் மேலே மடங்கினால் அல்லது நிறம் வெளிறினால் வெளிச்சம் அதிகம், இன்னும் நிழலுக்கு நகர்த்துங்கள். ஜோவாவின் காம்பு நீண்டு லைட்டை எட்டிப் பிடிக்கிற மாதிரி நின்றால் போதவில்லை. குமிழைத் தொடுவதற்கு முன் அந்தக் கல்லை ஒரு படி மேலே ஏற்றி, ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.